ஆளை அனுப்பின ஊரு... இனி சரக்கை அனுப்புமா? சர்வதேச தொழில்முனைவோர் படிப்பு: பீஸ் கட்டும் முன் தெரிஞ்சுக்க வேண்டியது

ஆவுடையார்கோவில்:-

ஆவுடையார்கோவில், அறந்தாங்கி, மணமேல்குடி வட்டாரத்தில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும், "இந்த வீட்டுப் பையன் சிங்கப்பூர்ல இருக்கான், அந்த வீட்டுக்காரர் துபாய்ல இருக்கார்" என்று கை காட்டுவார்கள். கடல் தாண்டிப் போவது இந்தப் பக்கத்து மக்களுக்குப் புதுசு இல்லை. ஆனால் போகிறவர்களில் பெரும்பாலானோர் அடுத்தவர் கம்பெனியில் வேலைக்குத்தான் போகிறார்கள்.

இப்போது பிளஸ்-2 ரிசல்ட் வந்த கையோடு வேறு ஒரு பேச்சும் கிளம்புகிறது. "இன்டர்நேஷனல் பிசினஸ் படி", "குளோபல் என்டர்பிரனர்ஷிப் படி, நீயே முதலாளி ஆகலாம்" என்று நோட்டீஸ் வருகிறது. போனும் வருகிறது. பேரே வாயில் நுழையாத இந்தப் படிப்புக்கு நகையை அடகு வைத்து பீஸ் கட்டலாமா? அதில் என்னதான் சொல்லித் தருகிறார்கள்? பக்கத்தில் படிக்க வழி இருக்கிறதா? இதுகுறித்த விவரம் வருமாறு:-

அப்படி என்ன படிப்பு?

சர்வதேச தொழில்முனைவு என்றால் ஒன்றும் கம்ப சூத்திரம் இல்லை. உள்ளூரில் கடை போட்டு, வளர்ந்து, பத்து இருபது வருஷம் கழித்து வெளிநாட்டுக்கு விற்பது பழைய வழி. தொழில் தொடங்கும்போதே "நம்ம வாடிக்கையாளர் வெளிநாட்டுல இருக்கார்" என்று கணக்குப் போட்டு இறங்குவது புது வழி. அந்தப் புது வழியைச் சொல்லித் தருவதுதான் இந்தப் படிப்பு.

1994-ம் ஆண்டு ஓவியட், மெக்டூகல் என்ற இரண்டு அமெரிக்கப் பேராசிரியர்கள் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். சின்னக் கம்பெனிகள் கூட பிறந்த அன்றே பல நாடுகளில் வியாபாரம் செய்ய முடியும் என்பதை அவர்கள் விளக்கினார்கள். அதன் பிறகுதான் இது தனிப்பாடமாக உலகப் பல்கலைக்கழகங்களில் பரவியது.

நம்ம பக்கத்து உதாரணமே இருக்கிறது. திருச்சியைச் சேர்ந்த கிரிஷ் மாத்ருபூதம் 2010-ல் சென்னையில் ஒரு சாப்ட்வேர் கம்பெனி தொடங்கினார். அவர் தஞ்சாவூரில் என்ஜினீயரிங்கும், சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம்.பி.ஏ.வும் படித்தவர். கம்பெனிக்கு முதலில் கிடைத்த வாடிக்கையாளர் ஆஸ்திரேலியாவில் உள்ள ஒரு கல்லூரி. பிரஷ்ஒர்க்ஸ் என்று பெயர் மாறிய அந்தக் கம்பெனி 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம் பிடித்தது. முதல் பில்லே வெளிநாட்டுக்குப் போட்ட கம்பெனி. இதைத்தான் பாடத்தில் "பிறவியிலேயே உலகக் கம்பெனி" என்கிறார்கள்.

குதிரை வாங்கப் போன மந்திரி

ஆவுடையார்கோவில் மக்களுக்கு இந்தப் பாடம் தெரிந்த கதைதான். அரிமர்த்தன பாண்டியனின் மந்திரியாக இருந்த மாணிக்கவாசகர், அரசாங்கப் பணத்தோடு கிளம்பியது எதற்கு? கிழக்குக் கடற்கரையில் வந்து இறங்கிய வெளிநாட்டுக் குதிரைகளை வாங்குவதற்கு. இன்றைய பாஷையில் சொன்னால் அது இறக்குமதி ஆர்டர். அந்தப் பணம் திருப்பெருந்துறையில் கோவில் திருப்பணிக்குப் போனது. மன்னன் குதிரை எங்கே என்று கேட்க, இறைவன் நரிகளைப் பரிகளாக்கி மதுரைக்கு ஓட்டிப் போனதும், ராத்திரியோடு ராத்திரியாக அவை மறுபடி நரியாகி ஊளையிட்டதும் ஊரறிந்த புராணம்.

பக்தர்களுக்கு அது திருவிளையாடல். வியாபாரம் படிக்கிறவனுக்கு அதில் இன்னொரு பாடமும் இருக்கிறது. பணம் கைமாறியாச்சு, சரக்கு வரலை. வந்த சரக்கும் ஒப்படைக்கும்போது குதிரை, மறுநாள் நரி. ஏற்றுமதி இறக்குமதியில் இன்றைக்கும் இந்த இரண்டு பயம்தான் பெரிய பயம். விற்கிறவனுக்கு "பணம் வருமா?" என்ற பயம். வாங்குகிறவனுக்கு "நல்ல சரக்கு வருமா?" என்ற பயம். இந்தப் பயத்தை காகிதத்தாலும், பேங்காலும், சட்டத்தாலும் எப்படிப் போக்குவது என்பதுதான் படிப்பின் பாதி.

இந்த மண்ணில் அது பழைய படிப்பு

புதுக்கோட்டை மாவட்டம் கொடும்பாளூரில் மணிக்கிராமம் என்ற வணிகர் குழு இருந்தது பற்றிக் கல்வெட்டுகள் இருக்கின்றன. மணிக்கிராமத்தார் பெயர், தாய்லாந்தில் தக்குவாபா என்ற இடத்தில் கிடைத்த 9-ம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டிலும் இருக்கிறது. அப்போதே கடல் தாண்டி யாவாரம் நடந்திருக்கிறது.

அதற்குப் பிந்தைய காலத்தில் பக்கத்துச் செட்டிநாட்டு நகரத்தார் பர்மா, இலங்கை, மலேயா என்று கடை போட்டார்கள். அவர்களுக்கு எந்தக் காலேஜும் கிடையாது. கடையே காலேஜ். பையன் முதலில் "பெட்டியடிப் பையனாக" சேருவான். பிறகு "அடுத்தாள்" ஆவான். கணக்கு, கடிதம், ஆளைப் பார்த்து எடை போடுவது எல்லாம் பழகிய பிறகுதான் ஏஜெண்டாக அனுப்புவார்கள். பொதுவாக மூன்று வருஷக் கணக்கு. முடித்து வந்து ஐந்தொகை காட்ட வேண்டும். பேரேடும் ஐந்தொகையும் இன்றைக்கு பி.காம். புத்தகத்தில் இருக்கிற அதே சமாச்சாரம்தான்.

அதில் ஒரு கசப்பான பாடமும் உண்டு. 1930-களின் பொருளாதார நெருக்கடியில், கடன் திரும்பாததால் பர்மாவில் நிலங்கள் செட்டியார்கள் கைக்கு வந்தன. 1938 வாக்கில் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் சுமார் கால்வாசி நிலம் அவர்களிடம் இருந்தது. 1942-ல் யுத்தம் வந்தது, ஓடி வந்தார்கள். 1948-ல் சுதந்திரம் அடைந்த பர்மா நிலங்களை நாட்டுடைமை ஆக்கும் சட்டம் கொண்டு வந்தது. ஒரே நாட்டை நம்பி எல்லாப் பணத்தையும் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு இது சாட்சி. "நாட்டு ஆபத்து" என்று இதை இன்றைக்குத் தனிப் பாடமாக நடத்துகிறார்கள்.

வகுப்பில் என்ன நடக்கும்?

பல்கலைக்கழகங்களில் பெயர் மாறினாலும் சாரம் ஏறக்குறைய ஒன்றுதான். எந்த நாட்டில் எந்தப் பொருளுக்குக் கிராக்கி என்று கண்டுபிடிப்பது, விலை நிர்ணயம், அன்னியச் செலாவணி, சுங்கச் சட்டம், கப்பல்-விமானப் போக்குவரத்து, ஒப்பந்தம் எழுதுவது, அடுத்த நாட்டு மக்களின் பழக்கவழக்கம் ஆகியவை வரும். கடைசியில் சொந்தமாக ஒரு தொழில் திட்டம் எழுதிக் காட்ட வேண்டும்.

ஒப்பந்தம் என்றதும் இந்த ஊர்க் கோவில்தான் ஞாபகத்துக்கு வரும். அந்தக் காலத்துச் சிற்பிகள் வேலைக்கு ஒப்புக்கொள்ளும்போது, "ஆவுடையார்கோவில் கொடுங்கை, தாரமங்கலம் தூண் போன்றவை நீங்கலாக மற்றபடி எதுவும் செய்து தருகிறோம்" என்று எழுதிக் கொடுப்பார்கள் எனச் சொல்வார்கள். தன்னால் முடியாததை முன்கூட்டியே எழுதி வைப்பது! வெளிநாட்டு ஒப்பந்தத்தில் "இதற்கு நான் பொறுப்பில்லை" என்று எழுதும் ஷரத்தும் அதே புத்திசாலித்தனம்தான்.

தேங்காய் கணக்கு ஒன்று போடுவோம்

பாடம் எப்படி இருக்கும் என்று புரிய ஒரு உதாரணம். கீரமங்கலம் பக்கம் தென்னை அதிகம். 2018 நவம்பரில் கஜா புயல் மரங்களைச் சாய்த்துப் போட்ட பிறகும் அங்கே தென்னைதான் உயிர். அங்கிருந்து ஒரு பையன் தேங்காய்ப் பொருள் 10 ஆயிரம் கிலோ வெளிநாட்டுக்கு அனுப்புகிறான் என்று வைத்துக்கொள்வோம். இதில் வரும் விலைகள் எல்லாம் கணக்கு புரிவதற்கான கற்பனைதான்.

சரக்கு விலை கிலோ ரூ.80. பேக்கிங் ரூ.5. தூத்துக்குடி துறைமுகம் வரை லாரி வாடகை ரூ.4. சுங்க ஏஜெண்டு, துறைமுகச் செலவு ரூ.3. ஆக கப்பலில் ஏற்றும் வரை ரூ.92. இதை "எப்.ஓ.பி." விலை என்பார்கள். கப்பல் வாடகை ரூ.8, இன்சூரன்ஸ் ரூ.1 சேர்த்தால் ரூ.101. இது "சி.ஐ.எப்." விலை.

பையன் கிலோ 1 டாலர் 20 சென்ட் என்று சி.ஐ.எப். விலை பேசுகிறான். டாலர் 90 ரூபாய் என்றால் அவனுக்கு ரூ.108 வரும். கிலோவுக்கு ரூ.7 லாபம். 10 ஆயிரம் கிலோவுக்கு ரூ.70 ஆயிரம்.

பணம் கைக்கு வருவதற்குள் டாலர் 84 ரூபாய்க்கு இறங்கிவிட்டால்? வருவது ரூ.100.80 மட்டுமே. கிலோவுக்கு 20 காசு நஷ்டம். சரக்கும் போய், உழைப்பும் போய், கைக்காசு ரூ.2 ஆயிரமும் போச்சு! எப்.ஓ.பி.யா, சி.ஐ.எப்.பா என்று கவனிக்காமல் விலை சொன்னால் இன்னும் மோசம். கப்பல் வாடகை மொத்தமும் இவன் தலையில் விழும்.

டாலர் விலை இறங்கினாலும் அடி விழாமல் இருக்க, இன்ன தேதிக்கு இன்ன விலைக்கு டாலரைத் தருகிறேன் என்று பேங்கோடு முன்கூட்டியே ஒப்பந்தம் போடலாம். அப்படி ஒரு வழி இருப்பது தெரிந்தவன் பிழைப்பான். தெரியாதவன் "டாலர் ஏமாத்திருச்சு"ன்னு புலம்புவான்.

எல்.சி. என்றால் என்ன?

பணம் வாங்கும் வழி நாலு. முதல் வழி, முழுப் பணமும் முன்பணம். விற்பவனுக்கு நிம்மதி, ஆனால் புதுசாக வருபவனுக்கு யாரும் கொடுக்க மாட்டார்கள். இரண்டாவது, பேங்க் உத்தரவாதக் கடிதமான "லெட்டர் ஆப் கிரெடிட்". இதைத்தான் சுருக்கமாக எல்.சி. என்கிறார்கள். மூன்றாவது, சரக்குக்கான காகிதத்தை பேங்க் மூலம் அனுப்பி, பணம் கட்டினால்தான் காகிதம் என்ற ஏற்பாடு. நாலாவது, கடன். இது நம்ம மளிகைக்கடை அக்கவுண்ட் மாதிரி.

எல்.சி.யில் ஒரு சூட்சுமம் உண்டு. பேங்க் சரக்கைப் பார்க்காது, காகிதத்தை மட்டும்தான் பார்க்கும். கேட்ட காகிதம் எல்லாம் கேட்டபடி இருந்தால் பணம். கம்பெனி பெயரில் ஒரு எழுத்து மாறினாலும், கப்பல் ஒரு நாள் தாமதமாகக் கிளம்பினாலும் பணம் நின்றுபோகலாம். அதேபோல காகிதத்தில் குதிரை, பெட்டியைத் திறந்தால் நரி என்றும் நடக்கலாம். அதனால்தான் வாங்குகிறவர்கள், மூன்றாவது கம்பெனி ஒன்று சரக்கைச் சோதித்துத் தரும் சான்றிதழையும் சேர்த்துக் கேட்கிறார்கள்.

வாங்கினவன் திவாலானால் நஷ்டத்தில் ஒரு பங்கை ஈடுகட்ட இ.சி.ஜி.சி. என்ற மத்திய அரசு நிறுவனம் 1957 முதல் இருக்கிறது. பிரீமியம் கட்டினால் போதும். இதைப் பற்றித் தெரியாமலே கடனுக்குச் சரக்கு அனுப்பிவிட்டுத் தவிப்பவர்கள் உண்டு.

எங்கே படிக்கலாம்?

பிளஸ்-2 முடித்தவர்களுக்கு:- பி.காம். சர்வதேச வணிகம் என்ற பிரிவு கோவை பக்கத்துக் கல்லூரிகளில் அதிகம். அவ்வளவு தூரம் அனுப்ப வசதி இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். அறந்தாங்கி அரசு கலை அறிவியல் கல்லூரி, புதுக்கோட்டை மன்னர் கல்லூரி போன்ற அரசுக் கல்லூரிகளில் குறைந்த செலவில் டிகிரி முடித்துவிட்டு, மேல்படிப்பில் இந்தப் பாடத்தை எடுக்கலாம். அடிப்படை கணக்கியலும் ஆங்கிலமும் உறுதியாக இருந்தால் போதும்.

டிகிரி முடித்தவர்களுக்கு:- மத்திய அரசு 1963-ல் தொடங்கிய இந்திய அன்னிய வர்த்தகக் கழகம் டெல்லியில் இருக்கிறது. சர்வதேச வணிக எம்.பி.ஏ.வுக்கு நாட்டிலேயே பேர் பெற்ற இடம். நுழைவுத் தேர்வு கடுமை, பீசும் அதிகம். தமிழ்நாட்டில் எம்.பி.ஏ. சேர டான்செட் தேர்வு எழுத வேண்டும். பக்கத்தில் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகமும், காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகமும் உள்ளன. மலேயா வரை தொழில் செய்த வள்ளல் அழகப்பச் செட்டியார் 1947-ல் தொடங்கிய கல்லூரியில் இருந்து வளர்ந்து, 1985-ல் பல்கலைக்கழகம் ஆனது அது. இந்த ஆண்டு எந்தெந்தப் பிரிவில் இடம் என்று நேரில் விசாரிப்பது நல்லது.

வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க:- இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் சர்வதேச வணிகம் பற்றிய பட்டயப்படிப்பு உண்டு. மத்திய அரசின் "ஸ்வயம்" இணையதளத்தில் பாடங்களை இலவசமாகப் பார்க்கலாம். சென்னையில் உள்ள தமிழக அரசின் தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனம் ஏற்றுமதி-இறக்குமதி பற்றி சில நாள் பயிற்சியை அவ்வப்போது நடத்துகிறது.

அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு "புதுமைப் பெண்" திட்டம் 2022-லும், மாணவர்களுக்கு "தமிழ்ப் புதல்வன்" திட்டம் 2024-லும் தொடங்கப்பட்டன. இரண்டிலும் கல்லூரி படிக்கும்போது மாதம் ரூ.1,000 என்று அறிவிக்கப்பட்டது. கல்விக் கடனில் ரூ.4 லட்சம் வரை அடமானம் தேவையில்லை என்பதையும் பெற்றோர் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

வெளிநாட்டில்தான் படிக்கணுமா?

அமெரிக்காவின் பாப்சன் கல்லூரி தொழில்முனைவுப் படிப்புக்குப் பேர் போனது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் மாணவர்களை வெளிநாட்டுப் புதுக் கம்பெனிகளுக்கு அனுப்பி, வேலை பார்த்துக்கொண்டே படிக்க வைக்கும் திட்டத்தை 2000-களின் தொடக்கத்திலேயே கொண்டு வந்தது. வசதியும் மார்க்கும் ஸ்காலர்ஷிப்பும் இருந்தால் அருமையான வாய்ப்பு.

ஆனால் ஏஜெண்டுகள் வாயைத் திறக்காத ஒரு விஷயம் இருக்கிறது. மாணவர் விசாவில் போகிறவர் பல நாடுகளில் சொந்தத் தொழில் செய்ய முடியாது. உதாரணத்துக்கு, பிரிட்டனில் மாணவர் விசாவில் இருப்பவருக்குப் பொதுவாக சுயதொழில் செய்ய அனுமதி இல்லை. "அங்க போய்ப் படிச்சுக்கிட்டே கடை போட்டுரலாம்" என்ற பேச்சை நம்பி வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்தால், பையன் பார்ட் டைம் வேலை பார்த்து வட்டி கட்டும் நிலைதான் வரும். முதலாளி ஆகப் போனவன் மறுபடியும் கூலிக்கே திரும்ப வேண்டியதுதான்.

எனவே பணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேட்க வேண்டும். அந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டம் இந்தியாவில் செல்லுமா? யு.ஜி.சி. வெளியிடும் போலிப் பல்கலைக்கழகப் பட்டியலில் உள்ளூர்க் கிளையின் பெயர் இருக்கிறதா? மொத்தச் செலவும் வட்டியும் சேர்த்து எவ்வளவு? இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் தராத ஏஜெண்டிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்கக் கூடாது.

படித்து முடித்ததும் முதல் வேலை

ஏற்றுமதி செய்ய ஐ.இ.சி. எனப்படும் ஏற்றுமதி-இறக்குமதிக் குறியீடு வேண்டும். அன்னிய வர்த்தக இயக்குனரக இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். அரசுக் கட்டணம் ரூ.500 மட்டுமே. பான் நம்பர்தான் ஐ.இ.சி. நம்பர். "லைசென்ஸ் வாங்கித் தர்றோம், 10 ஆயிரம் கொடு" என்பவர்களிடம் ஏமாற வேண்டாம்.

விவசாயப் பொருள் என்றால் அபீடா, இறால்-நண்டு-மீன் என்றால் எம்.பீடா என்ற அமைப்புகளில் பதிவு செய்ய வேண்டும். சாப்பிடும் பொருளுக்கு உணவுப் பாதுகாப்பு உரிமம் கட்டாயம். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் கடற்கரை மீனுக்கும், ஆதனக்கோட்டை முந்திரிக்கும், கீரமங்கலம் பூவுக்கும் இந்தப் பதிவுகள்தான் வாசல். திருச்சி விமான நிலையத்தில் இருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய்க்கு நேரடி விமானங்கள் இருப்பது இந்த மாவட்டத்துக்குக் கூடுதல் வசதி.

பணத்துக்கு, புதுக்கோட்டையில் உள்ள மாவட்டத் தொழில் மையத்தை அணுகலாம். படித்த முதல் தலைமுறையினருக்காக 2012-13-ல் கொண்டுவரப்பட்ட "நீட்ஸ்" திட்டத்தில் 25 சதவீத மூலதன மானியம் உண்டு. எட்டாம் வகுப்பு படித்தவருக்கும் தனித் திட்டம் இருக்கிறது. வயது வரம்பும் தொகையும் அவ்வப்போது மாறுவதால் நேரில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பட்டம் மட்டும் போதுமா?

போதாது. நீச்சலைப் புத்தகத்தில் படித்தவன் கண்மாயில் குதித்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். படிக்கும்போதே ஒரு ஏற்றுமதியாளரிடமோ, சுங்க ஏஜெண்டு ஆபீசிலோ லீவு நாளில் வேலை பழகினால்தான் காகிதம் கைவசப்படும். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து பழகினார்களே, அதே முறைதான். முதல் சரக்கைச் சின்னதாக, நஷ்டம் வந்தாலும் தாங்கும் அளவில் அனுப்ப வேண்டும். "பேங்க் அக்கவுண்ட் மாறிடுச்சு, புது நம்பருக்குப் பணம் போடு" என்று மெயில் வந்தால், போன் போட்டுக் கேட்காமல் ஒரு ரூபாய் கூட அனுப்பக் கூடாது.

வெளிநாட்டில் இருக்கும் அண்ணன், மாமா, மச்சானும் இதில் முக்கியம். அங்கே எந்தக் கடையில் எந்தப் பொருள் என்ன விலைக்குப் போகிறது என்று அவர்களைக் கேட்டால் தெரியும். மார்க்கெட் சர்வேக்கு மற்றவர்கள் காசு செலவழிக்கும்போது, இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அது ஒரு போன் காலில் கிடைக்கும். மாமா அங்கே வேலை பார்க்கும் கடைக்கே மருமகன் இங்கிருந்து சரக்கு அனுப்புகிற நாள் வந்தால், இந்தப் படிப்புக்குக் கட்டின பீஸ் வீண் போகாது.